60 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கும் "ஊங்" சத்தம்: டயரா, வீல் பேரிங்கா?

கேள்வி (வேளச்சேரி)
வணக்கம். மழை சமயத்தில் எங்கள் தெருவில் பாதி சக்கரம் மூழ்கும் தண்ணீரில் காரை ஓட்ட வேண்டியதாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து ஒரு சத்தம் ஆரம்பித்தது. 60-ஐத் தாண்டினால் விமானம் கிளம்புகிற மாதிரி "ஊங்" என்று கேட்கிறது, வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. நியூட்ரலில் விட்டாலும் குறையவில்லை. வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) செய்தாயிற்று. ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். டயரின் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவை அடிக்கடி திண்டிவனம் கூட்டிப் போக வேண்டும், ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ஏறவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (அம்பத்தூர்)
டயருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள் சார். நியூட்ரலிலும் சத்தம் இருந்தால் இன்ஜின் காரணமில்லை. டயரா, பேரிங்கா (சக்கரம் உரசாமல் சுழல உள்ளே இருக்கும் குண்டு வளையம்) என்பதுதான் கேள்வி. டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ரம்பப்பல் போல உரசினால் டயர்மேல் சந்தேகப்படலாம். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். டயர்தான் காரணம் என்றால் சத்தமும் பின்னால் போகும். அப்புறம், நீளமான வளைவில் சத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான்.

கேட்டவர்
டயரை மாற்றிப் போட்டும் சத்தம் முன்னால்தான் கேட்கிறது. கத்திப்பாரா மேம்பாலத்தில் இடப்பக்கம் வளைந்து சுற்றும்போது நன்றாகக் கூடுகிறது. வலப்பக்கம் வளைந்தால் அடங்குகிறது.

பதில் (பெரம்பூர், மெக்கானிக்)
அப்போ வலது முன் பேரிங்தான். உறுதி செய்ய ஒரு வழி: ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையை அதற்கு மேலே உள்ள காயில் ஸ்பிரிங்மேல் (சுருள்வில்) வையுங்கள். பேரிங் போயிருந்தால் கரகரப்பு கையில் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

தண்ணீர் பேரிங்கை மூடியிருக்கும் சீலைத் தாண்டி உள்ளே போனால் கிரீஸ் கெட்டு, குண்டுகளில் துரு ஏறும். பிறகு கிரீஸ் வைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். புது பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள், புதுசும் சீக்கிரம் சத்தம் போடும். அழுத்திப் பொருத்தும் பிரஸ் மெஷின் உள்ள இடத்துக்குப் போங்கள். பல கார்களில் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாருக்கான காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்தில் இருக்கும். பக்கம் மாற்றி மாட்டினால் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆக்சில் நட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதுவரை திண்டிவனம் வேண்டாம். சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

கேட்டவர்
மாற்றியாயிற்று. பழைய பேரிங்கைப் பிரித்துக் காட்டினார்கள், உள்ளே துருத் தண்ணீர். வீல் அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணம்) பார்த்தாயிற்று. இப்போது 80-இலும் அமைதி, விளக்கும் எரியவில்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இடது பக்கமும் அதே தண்ணீரில்தான் நின்றது, அதையும் மாற்றிவிடலாமா?

பதில் (பெரம்பூர், மெக்கானிக்)
சத்தமும் ஆட்டமும் இல்லையென்றால் இப்போது வேண்டாம். ஒவ்வொரு சர்வீஸிலும் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.