பொருள்: ‘திசையொவ்வாப் படலம்’ என்பதற்கு மாற்றாகத் ‘திசைவேற்றுமைப் படலம்’

மதிப்பிற்குரிய கலைச்சொல்லாக்கக் குழுவினர்க்கு, குடியாத்தத்திலிருந்து வணக்கம்.

சில இருபரிமாணக் குறைகடத்திகள், அதாவது ஓரிரு அணு அடுக்கே தடிமனுள்ள குறைகடத்திப் படலங்கள், திசைக்கொரு விதமாக நடந்துகொள்வதைக் (anisotropic) குறிக்க, நம் குழுவைச் சேர்ந்த ஐயா ஒருவர் சென்ற மடலில் முன்மொழிந்த ‘திசையொவ்வா’ என்ற அடைமொழியை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மருத்துவமனைகளுக்குப் பெயர்பெற்ற எங்கள் வேலூர்ப் பக்கத்தில் ‘ஒவ்வாமை’ என்றதும் மாணவர் நினைவுக்கு வருவது தும்மலும் தோல் தடிப்புமே. அதைவிட முக்கியமாக, அச்சொல் இப்பண்பை ஒரு குறைபாடாகக் காட்டிவிடுகிறது; உண்மையில் இப்பொருள்களின் பயனே அதில்தான் இருக்கிறது.

1914இல் அமெரிக்க இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் உயர் அழுத்தத்தில் உருவாக்கிய கறுப்புப் பாஸ்பரஸை எடுத்துக்கொள்வோம். அதன் ஒற்றை அணு அடுக்கு, கரிம அணுக்களின் ஒற்றை அடுக்கான கிராஃபீனைப் போலத் தட்டையாக இராமல் மடிப்பு மடிப்பாக அமைந்திருப்பதால், மடிப்புக்குக் குறுக்கே அதிரும் ஒளியை நன்கு உட்கவர்ந்து, மடிப்பின் போக்கிலேயே அதிரும் ஒளியை மிகக் குறைவாகவே உட்கவர்கிறது. எலக்ட்ரான்களும் குறுக்குத் திசையில்தான் எளிதாக ஓடுகின்றன. பாவுக்கு ஒரு நூலும் ஊடைக்கு வேறொரு நூலும் இட்டு நெய்த துணி, இழுக்கும் பக்கத்துக்கு ஏற்ப வேறாக நெகிழ்வதைப் போன்றது இது. எனவே ‘திசைவேற்றுமை’ என்பதே பொருந்தும். எதிர்ச்சொல்லும் தானாகவே கிடைக்கிறது: அறுகோணச் சமச்சீர் கொண்ட கிராஃபீனுக்கு, அதன் தளத்துக்குள், ‘திசையொற்றுமை’. இலக்கண வேற்றுமையோடு குழப்பம் வருமே என்பார்க்கு, முன்னே நிற்கும் ‘திசை’ அதைத் தீர்த்துவிடும் என்பேன்.

அடுத்து, ஒளி ஒரே தளத்தில் அதிர்வதைக் குறிக்க (polarisation) ‘முனைவாக்கம்’ என்று எழுதுவதைக் கைவிட வேண்டுகிறேன். வெள்ளீய சல்ஃபைடின் ஒற்றை அடுக்கில் மின்னூட்டங்கள் விலகி நிற்பதால் உண்டாகும் முனைவாக்கமும் உண்டு, ஒளியின் அதிர்வுத் தளத்தைப் பிரித்தறியும் பண்பும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? மின்னூட்டத்துக்கு முனைவாக்கம், ஒளிக்குப் பாடநூல் வழங்கும் ‘தளவிளைவு’ என்று நிலைநிறுத்துவதே நல்லது.

இவ்வழியில், இத்தகைய படலத்தைக் கொண்டு ஒளியின் அதிர்வுத் தளத்தை மின்னோட்டமாக உணர்த்தும் கருவிக்குத் ‘தளமறி ஒளியுணரி’ என்ற பெயரை முன்வைக்கிறேன். தளவிளைவுற்ற ஒளியை அதன்மீது பாய்ச்சி, மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் நிலையிலிருந்து அதிர்வுத் தளத்தை மெல்லச் சுழற்றினால், மின்னோட்டம் 90 பாகை திரும்பியதும் மிகத் தாழ்ந்து, 180 பாகையில் மீண்டும் பழைய அளவுக்கு வருகிறது. தனியாக ஒரு தளவிளைவாக்கியை முன்னே பொருத்தாமலேயே படலம் தளத்தை அறிந்து சொல்கிறது என்பதால் ‘அறி’ என்ற வினை இங்கே மிகையன்று. அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே செல்லும் வட்டத் தளவிளைவை இக்கருவி இவ்வகையில் பிரித்தறியாது; ஆகவே பெயரில் ‘தளம்’ இருப்பது துல்லியமே.

தளத்துக்கேற்ப உட்கவர்வு மாறும் அந்தப் பண்புக்கு (dichroism) மட்டும் எனக்கு நிறைவான சொல் அமையவில்லை. ‘இருநிறமை’ நிறத்தை நினைவூட்டுகிறது. ‘தளவழி உட்கவர்வு வேற்றுமை’ நீள்கிறது. குறுகிய சொல் தோன்றுவோர் எழுதுங்கள்.