கடலோர வயலுக்கு உப்பு தாங்கும் மரபணு ஒன்றே போதுமா?

தொண்டி மாணவன்:
போதும் என்றே சொல்வேன். உவர் நிலத்தில் விளையும் கேரளத்துப் பொக்காளி நெல்லின் முதல் குரோமோசோமில் ‘சால்டால்’ என்ற பகுதி இருக்கிறது. அதிலுள்ள மரபணு, வேரிலிருந்து மேலேறும் சாற்றில் கலந்த சோடியத்தை வழியிலேயே பிரித்துவிடுகிறது. இலைக்குப் போகும் உப்பு குறைகிறது, பொட்டாசியம் தங்குகிறது. இதை நம் ரகங்களில் ஏற்றினால் ராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானை முதல் சாயல்குடி வரை உவர் நிலங்களில் நெல் நிற்கும்.

உப்பூர் உழவர்:
தம்பி, சால்டால் துணை நிற்பது நாற்றுப் பருவத்துக்குத்தானே? ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு கீழே இறங்கிவிடுகிறது. மழை நின்று கண்மாயும் வற்றியபின், நிலம் காயக் காய உப்பு மேலேறுகிறது. அப்போது பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் நிற்கும். நிலக் காய்ச்சலும் உப்பும் ஒன்றாக வந்து பதராக்கிய வயலுக்கு உங்கள் மரபணு என்ன பதில் சொல்லும்?

தொண்டி மாணவன்:
அண்ணே, நீங்கள் புழுதியில் விதைக்கிறீர்கள். மழை தள்ளிப்போனால் நாற்றுக்கே உப்பு ஏறுமே! அந்த உயிரைக் காப்பது சிறிய காரியமா?

மண்டபம் ஆய்வாளர்:
இருவருமே வறட்சியையும் உப்பையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டுகிறீர்கள். செடிக்குள் அப்படி நடப்பதில்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில் 2004இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். வறட்சி மட்டும் இருந்தபோது செடி புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தது. வெப்பமும் சேர்ந்தபோது அதை விட்டுச் சுக்ரோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்தது. தனி வறட்சியிலும் தனி வெப்பத்திலும் காணாத 454 ஆர்.என்.ஏ. படிகள் (மரபணு இயங்கும்போது உருவாகும் நகல்கள்), இரண்டும் கூடியபோது வெளிப்பட்டன.

இலைத்துளைகளையும் கவனியுங்கள். வெப்பம் அவற்றைத் திறக்கச் சொல்கிறது, இலை குளிர வேண்டும் என்பதற்காக. வறட்சியில் சுரக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் மூடச் சொல்கிறது. இரண்டும் மோதும்போது அந்தச் செடியில் துளை மூடியே இருந்தது. இலை இன்னும் சூடானது. தொட்டியில் உப்பு நீர் மட்டும் ஊற்றித் தேர்ந்தெடுத்த ரகம் வயலில் தோற்பதில் எனக்கு வியப்பே இல்லை.

தொண்டி மாணவன்:
சேர்ந்தால் கேடுதான் என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள், அக்கா? 2014இல் தக்காளியில் உப்பும் வெப்பமும் சேர்ந்தபோது, உப்பு மட்டும் தந்த பாதிப்பைவிடக் குறைவாகவே இருந்தது. செல்லைக் காக்கும் கிளைசின் பீட்டைனும் டிரெஹலோஸும் கூடியதாகக் கண்டார்களே!

மண்டபம் ஆய்வாளர்:
கேடுதான் என்று நான் சொல்லவில்லை. தனித்தனிச் சோதனையை வைத்து முன்கூட்டிக் கணிக்க முடியாது என்கிறேன். உங்கள் தக்காளியும் அதற்கே சான்று.

சாயல்குடி மிளகாய்க்காரர்:
நெல்லையே பேசுகிறீர்கள். வெயிலும் வறட்சியும் உப்பும் மாசி, பங்குனியில் கூடுவது முண்டு மிளகாயில். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பயிர் இது. மிளகாய் தக்காளியின் குடும்பம்தான். ஆனால் தக்காளிச் சோதனையில் வறட்சி இல்லையே. மூன்றையும் சேர்த்து எங்கள் மிளகாயில் ஏன் சோதிக்கக் கூடாது?

உப்பூர் உழவர்:
நெல்லிலும் அப்படித்தான் வேண்டும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் தந்த, வறட்சி தாங்கும் அண்ணா 4, நம் பழைய நொருங்கன், தம்பியின் சால்டால் ரகம் மூன்றையும் கடலோர வயலில் அருகருகே விதையுங்கள். கடைசித் தண்ணீரை நிறுத்திவிட்டு, மணியை எடை போடுங்கள்.

தொண்டி மாணவன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்று எத்தனை பிழைத்தது என்பதையும் எண்ண வேண்டும், அண்ணே.