1778ஆம் ஆண்டுப் பிரான்சு: பலகையில் எதை வைப்பது, எதை விடுவது?

வாசிகசாலைப் பொறுப்பாளர் எழுதியது:

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையின் கூரையைத் திருத்துவதற்குப் பிரான்சிலுள்ள ஊரவர்கள் காசு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அதற்கு நன்றியாக, திறப்பு நாளன்று பிரெஞ்சு வரலாற்றின் ஓர் ஆண்டை மட்டும் எடுத்து விளக்கும் பலகையொன்றை முன்விறாந்தையில் வைப்பதென நிருவாக சபை தீர்மானித்தது. பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789ஐப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற்கனவே அறிந்திருப்பதால், அதற்குப் பதினோர் ஆண்டு முந்திய 1778ஐ நான் தெரிவு செய்தேன்.

பெப்ரவரி 6ஆம் திகதி பிரான்சு, பிரித்தானியாவை எதிர்த்துப் போராடிய அமெரிக்கக் குடியேற்றங்களோடு உடன்படிக்கை செய்தது, எழுத்தாளர்களான வோல்டேர் மே 30இலும் ரூசோ ஜூலை 2இலும் இறந்தது, ஒக்டோபரில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, டிசம்பர் 6இல் விஞ்ஞானி கே லுசாக்கும் 19இல் பதினாறாம் லூயியின் மூத்த மகளும் பிறந்தது ஆகியவற்றை இதுவரை குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு விடயங்களில் சபைக்குள் இணக்கம் இல்லை. புதுச்சேரி வீழ்ந்தது இந்திய வரலாறேயன்றிப் பிரெஞ்சு வரலாறல்ல என்கிறார் தலைவர். செயலாளரோ அதைச் சேர்ப்பதோடு நில்லாமல், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து முற்றுகையைப் பற்றிய ஒரு பகுதியையும் எடுத்துப் போட வேண்டும் என்கிறார். இந்த ஆண்டைப் படித்தவர்கள் உதவினால் நன்று.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் எழுதியது:

தம்பி, முதலில் செயலாளரைத் தடுத்து நிறுத்துங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தது 1761 ஜனவரியில். அவர் காலமான சில நாட்களிலேயே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது; அது முந்திய முற்றுகை. 1763ஆம் ஆண்டுச் சமாதானத்தின்படி நகரம் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி கைமாறியதே நீங்கள் குறிப்பிடும் நிகழ்ச்சி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது புத்தகங்களிலேயே நடந்திருக்கிறது என்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

தலைவருக்கும் ஒரு பதில் உண்டு. புதுச்சேரி வீழ்ந்ததற்கான காரணம் வங்காள விரிகுடாவின் கரையில் தோன்றியதன்று. பெப்ரவரியில் பாரிசில் இடப்பட்ட கையொப்பத்தில் தோன்றியது. அந்த உடன்படிக்கையை மார்ச் மாதத்தில் பிரித்தானியாவுக்கு அறிவித்த பின்னர் இரு நாடுகளும் போரை நோக்கிச் சென்றன. கோடை முடிவதற்குள் ஆங்கிலேயர் வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூரைப் பிடித்துவிட்டார்கள். ஓகஸ்டில் ஆங்கிலேயத் தளபதி மன்றோவின் படை புதுச்சேரியைச் சூழ்ந்தது. பிரெஞ்சு ஆளுநர் பெல்கோம்ப் ஏறத்தாழ இரண்டரை மாதம் தாக்குப்பிடித்து ஒக்டோபரில் சரணடைந்தார். அச்செய்தி கடல் கடந்து, ஆண்டு முடிவதற்குள் பாரிசுக்கு எட்டியிருக்க வாய்ப்பே இல்லை எனலாம். ஆகவே 1778இல் வாழ்ந்த பாரிஸ்வாசியிடம் அவ்வாண்டின் பெரிய நிகழ்ச்சிகளைக் கேட்டிருந்தால் அவர் புதுச்சேரியைச் சொல்லியிருக்க மாட்டார். நாம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

இன்னொன்று. அந்த ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1780 இறுதியில் பிரித்தானியா ஒல்லாந்தரோடும் போர் தொடுத்தது. அதன் விளைவாக 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடிக்க, ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன் அதை அவர்களிடமிருந்து பறித்தார். பாரிசில் இட்ட கையொப்பத்துக்கும் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் இடையில் நான்கு ஆண்டுகளே. பலகையின் கீழ் ஓரத்தில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கினால், விறாந்தையில் நிற்பவர்கள் நின்று வாசிப்பார்கள்.

பாரிசின் லா சப்பல் பகுதி வாசி எழுதியது:

காசு அனுப்பியவர்களுள் நானும் ஒருவன். ஆகவே சற்று உரிமையோடு எழுதுகிறேன். வோல்டேரின் இறப்பை ஒரு திகதியோடு முடித்துவிடாதீர்கள், அண்ணா. ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பாரிசை மிதிக்காமல் இருந்த அவர், 83 வயதில் பெப்ரவரி மாதம் திரும்பி வந்தார். மார்ச் 30ஆம் திகதி தம்முடைய நாடகத்தைப் பார்க்கச் சென்றபோது, மேடையில் வைத்த அவருடைய மார்பளவுச் சிலைக்கு நடிகர்கள் முடி சூட்டினார்கள். அப்படிக் கொண்டாடிய நகரமே, இரண்டு மாதம் கழித்து அவர் இறந்ததும் புதைக்க இடம் கொடுக்கவில்லை. திருச்சபையோடு அவர் முழுமையாக இணங்கவில்லை என்பதால் பாரிசின் குருமார் மறுத்துவிட்டார்கள். உடலுக்கு உடுப்பு அணிவித்து, உயிருள்ள மனிதர் பயணம் செய்வது போல வண்டியில் இருத்தி, இரவோடிரவாகச் சம்பாஞ் பகுதியிலிருந்த செலியேர் மடத்துக்குக் கொண்டு சென்றதாகச் சொல்வார்கள். அந்த மடம் அவருடைய சகோதரியின் மகனுடைய பொறுப்பில் இருந்தது. அடக்கம் செய்யக்கூடாதென்ற ஆயரின் கட்டளை வந்து சேர்ந்தபோது வேலை முடிந்திருந்தது.

ரூசோவின் முடிவு இத்தனை பரபரப்பில்லாதது. எர்மனோன்வில் என்ற இடத்தில் ஒரு பிரபுவின் தோட்டத்தில் தங்கியிருந்தபோது இறந்தார். குளத்தின் நடுவே பொப்லர் மரங்கள் சூழ்ந்த சிறிய தீவில் அவரைப் புதைத்தார்கள். உயிரோடிருந்த காலத்தில் ஒருவரையொருவர் வெறுத்த இந்த இருவரையும் புரட்சி, 1791இலும் 1794இலுமாக, பெரியோரை அடக்கம் செய்யும் மண்டபமான பாரிசின் பந்தெயோனில் எதிரெதிரே கொண்டு வந்து வைத்தது. சென்ற மாரியில் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றேன். ரூசோவின் மரப்பேழையில் கதவொன்று சற்றே திறந்திருப்பது போலவும், அதனூடாக ஒரு கை தீப்பந்தத்தை நீட்டுவது போலவும் செதுக்கியிருக்கிறார்கள். என் சின்னவள் அந்தக் கையைக் கண்டு பயந்து, எதிர்ப்பக்கம் வோல்டேரின் சிலையடியில் போய் நின்றுகொண்டாள்.

இரசாயனவியல் ஆசிரியை எழுதியது:

பிறப்புகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. உயர்தர வகுப்பில் கே லுசாக்கின் விதியை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். இருந்தும் அவர் பிறந்ததை 1778இன் நிகழ்ச்சிகளோடு ஒரே வரிசையில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஊர்க் குடும்பமொன்றில் பிறந்த அந்தக் குழந்தையால் அவ்வாண்டில் எதுவும் மாறவில்லை. வாயுக்கூண்டில் ஏழாயிரம் மீற்றர் உயரத்துக்குச் சென்றது 1804இலும், வாயுக்களின் கனவளவுகள் எளிய முழுவெண் விகிதத்தில் சேர்கின்றன என்று வெளிப்படுத்தியது 1808இலும் நடந்தவை. அவரைத் தனிக் கட்டத்தில் போடுங்கள்.

அரச மகளின் பிறப்பு அப்படியன்று. அது பிறந்த நாளிலேயே அரசியலாகிவிட்டது. திருமணமாகி எட்டு ஆண்டுகளுக்கு மேல் பிள்ளையில்லாத அரசி, சபையோர் நெருக்கியடித்து நின்று பார்த்த அறையில் பெற்றெடுத்து மயங்கி விழுந்தார். முடிவில் பிறந்தது பெண். பிரான்சில் பெண்ணுக்கு அரியணை இல்லை. பெற்றோரும் தம்பிமாரும் மாண்டுபோக, அந்தக் குடும்பத்தில் புரட்சியைக் கடந்து உயிர் வாழ்ந்தவர் மரி தெரேஸ் என்ற இந்த மகள் ஒருத்தியே.

வாசிகசாலைப் பொறுப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பலகை நாலடிக்கு மூன்றடிதான். ஆகவே கடற்சண்டைகளை விட்டுவிட்டேன். உடன்படிக்கையை மேலே வைத்து, அதிலிருந்து புதுச்சேரிக்கும் அங்கிருந்து திருகோணமலைக்கும் சிவப்பு நூல் இழுக்கிறோம், தலைவரும் சம்மதித்துவிட்டார். இரு மரணங்களுக்கும் நடுப்பகுதி முழுவதையும் கொடுத்திருக்கிறேன். கே லுசாக்குக்குத் தனிக் கட்டம். லா சப்பல் தம்பி, அந்தக் கையின் படம் இருந்தால் அனுப்பிவிடும்; இங்குள்ள பிள்ளைகள் பயப்படுகிறார்களா என்று பார்ப்போம்.