கோழிக்குக் கால் விழுந்தால்: வன்னி வளவுகளில் கண்டவை

மல்லாவியிலிருந்து

“குஞ்சு எழும்புதில்லை, என்ன விற்றமின் வாங்கலாம்” என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் கண்டதை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். ஆனால் கால் இழுத்துவிட்டது என்று மட்டும் எழுதிவிட்டுப் போக வேண்டாம். கால் எப்படிக் கிடந்தது, எத்தனை கிழமைக் குஞ்சு, என்ன தின்றது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் மற்றவர்களுக்கு உதவும்.

பக்கத்து வளவு மாமி இன்குபேற்றரில் குஞ்சு பொரிக்க வைத்தார். பருந்துக்கும் கீரிக்கும் பயந்து ஒன்றையும் வெளியே விடவில்லை. பெட்டிக்குள் பல்ப் எரியும், தீன் வெள்ளைப் பச்சையரிசிக் குறுணல் மட்டும். இரண்டாம் கிழமை தாண்டும்போது சில குஞ்சுகள் கால்முட்டியில் குந்தி, செட்டையை விரித்துத் தவழத் தொடங்கின. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு காலிலும் விரல்கள் உள்ளங்காலை நோக்கிச் சுருண்டிருந்தன. நீட்டிவிட்டால் நீளும், கையை எடுத்தால் திரும்பச் சுருளும். கண் தெளிவாக இருந்தது. குறுணலைக் கண்டால் படுத்தபடியே கொத்தியது.

அது விற்றமின் பி2, அதாவது ரைபோபிளேவின் குறைவு. காலுக்குப் போகும் நரம்பு வீங்குவதால்தான் விரல் சுருளுகிறது. குஞ்சுத் தீனில் கிலோவுக்கு 3.6 மில்லிகிராம் அளவில் அது வேண்டும். தீட்டிய அரிசியில் அதில் கால்வாசிகூடக் கிடையாது. கால்நடை வைத்தியர் பி கொம்பிளெக்ஸ் சொட்டு மருந்து தந்தார். விழுந்தவற்றுக்கு அலகோரமாக ஒவ்வொன்றாகப் பருக்கி, மற்றவற்றுக்குத் தண்ணீரில் கலந்தோம். மாமி முதல் நாள் அந்த மஞ்சள் தண்ணீரை முற்றத்து வெயிலில் வைத்துவிட்டார், பின்னேரம் பார்த்தால் நிறமே வெளிறிக் கிடந்தது. ரைபோபிளேவின் வெளிச்சத்தில் கெட்டுவிடும். நிழலில் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். குறுணலை நிறுத்திக் குஞ்சுத் தீனுக்கு மாற்றினோம். அதோடு அவித்த மஞ்சட்கரு, நுணுக்கிய முருங்கையிலை.

பெரும்பாலானவை எழும்பி நடந்தன. முதலில் விழுந்த ஒன்றுக்கு மட்டும் விரல் நிமிரவே இல்லை. நரம்பு நாட்பட்டுப் பழுதானால் பிறகு எவ்வளவு கொடுத்தும் பிரயோசனமில்லை. மாமியின் அடைக்கோழி கூட்டித் திரிந்த குஞ்சுகள் ஒன்றுக்கும் இது வரவில்லை. அவை கறையான் புற்றையும் சாணக் கும்பியையும் கிளறித் தின்று வளர்ந்தவை.

ஒட்டுசுட்டானிலிருந்து

அண்ணை சொன்னது குஞ்சுக் கதை. எங்கள் வீட்டில் விழுந்தது மூன்று மாதப் பேடு. விரல் சுருளவில்லை. ஒரு கால் முன்னுக்கு நீண்டிருக்க, மற்றது பின்னுக்கு இழுபட்டுக் கிடந்தது. கடைக்காரர் விற்றமின் தந்தார், அயலில் ஒருவர் நல்லெண்ணெய் தடவச் சொன்னார், அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார். எல்லாம் செய்தும் நெஞ்சு எலும்பு தெரிய மெலிந்து செத்தது. கொஞ்ச நாளில் இன்னொன்று விழுந்தது. அதற்கு ஒரு கண்ணின் கருவிழி சாம்பல் பூத்திருந்தது.

வைத்தியர் பார்த்துவிட்டு மரெக்ஸ் என்றார். வைரஸ் நோய், மருந்தில்லை. 1907 இல் ஹங்கேரியில் மரெக் என்ற மிருக வைத்தியர் முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். தடுப்பூசி இருக்கிறது, ஆனால் பொரித்த நாளிலேயே போட வேண்டும். கம்பனிக் குஞ்சுக்குப் போடுவார்கள், எங்கள் வளவில் அடைவைத்துப் பொரித்ததற்கு யார் போடுவது? செட்டையிலிருந்து உதிரும் தூசியிலேயே இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். கூட்டைக் கூட்டி எரித்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் புதிதாகக் கோழி விட்டோம்.

கிளிநொச்சியிலிருந்து, கால்நடைத் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்

பிள்ளைகள் இருவரும் நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். நான் விற்றமின் பி1 பற்றிச் சொல்கிறேன். விற்றமின் என்ற ஒன்று இருப்பதே அரிசி தின்ற கோழியின் காலால்தான் உலகத்துக்குத் தெரியவந்தது.

1880களின் கடைசியில் பத்தேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர் ஆய்வுக்குக் கோழி வளர்த்தார். அவை திடீரெனத் தள்ளாடி, கால் விழுந்து சாகத் தொடங்கின. பிறகு தாமாகவே சுகப்பட்டன. விசாரித்தால், நோய் இருந்த காலத்தில் படை ஆஸ்பத்திரிக் குசினியில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், படையினரின் சோறு கோழிக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவர் மறுத்ததால் கோழிகள் பிழைத்தன! தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பது அங்கிருந்துதான் பிடிபட்டது. முதலில் எய்க்மன் அரிசியில் நஞ்சு, தவிட்டில் மாற்று மருந்து என்றுதான் நினைத்தார். தவிட்டில் உள்ள ஒரு சத்து இல்லாமற்போவதுதான் காரணம் என்று 1901 இல் விளக்கியவர் அவருக்குப் பின் வந்த கிறைன்ஸ். ஆனால் 1929 இல் நோபல் பரிசு எய்க்மனுக்குத்தான் போனது. சமையற்காரரின் பெயர்கூட எங்கும் நான் காணவில்லை.

பி1 குறைந்தால் விரல் சுருளாது. கால் வலுவிழக்கும், கோழி குந்திக்கொண்டு தலையைப் பின்னுக்கு வளைத்து வானம் பார்க்கும். நேரத்தோடு பி1 கொடுத்தால் சில மணித்தியாலத்திலேயே தேறுவதைக் கண்டிருக்கிறேன். முந்தி எங்கள் பக்கத்தில் இதை அதிகம் காணவில்லை. புழுங்கல் அரிசிதான் காரணம் என்று நினைக்கிறேன். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும், தீட்டினாலும் முழுவதும் போகாது. இன்று மில்லில் இருந்து வெள்ளைக் குறுணலைக் கோழிக்கு வாங்கி, தவிட்டை மாட்டுக்கு வைக்கிறோம். கோழிக்கும் ஒரு பிடி போடுங்கள். புதுத் தவிடாக இருக்கட்டும். காறல் மணம் வந்த தவிடும் புண்ணாக்கும் விற்றமின் ஈயை அழிக்கும். அந்தக் குறைவில் குஞ்சின் மூளையே பாதிக்கப்பட்டு உருண்டு விழும்.

இன்னொன்று. இரத்தக் கழிச்சலுக்குக் கொடுக்கும் அம்புரோலியம் வேலை செய்வதே பி1 போல நடித்து அந்தக் கிருமியை ஏமாற்றித்தான். அளவு கூடினாலோ நாட்கணக்கு நீண்டாலோ கோழிக்கே பி1 தட்டுப்படும். ‘கழிச்சல் நின்றது, கால் விழுந்தது’ என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

நெடுங்கேணியிலிருந்து

ஐயா, கோடையில் எங்கள் குளம் வற்றி மீன் செத்துக் கிடந்தபோது கோழிகள் அங்கே போய்ப் புழு பொறுக்கின. அடுத்த நாள் நாலைந்து கோழி கால் இழந்து, பிறகு செட்டை தொங்கி, கடைசியில் கழுத்து துவண்டு தரையில் கிடந்தன. தூக்கினால் இறகு கையோடு வந்தது. இதுவும் விற்றமினா?

கிளிநொச்சியிலிருந்து, முன்னவர்

இல்லை மகள், அது பொட்டுலிசம். அழுகிய உடலில் ஊறும் நஞ்சைப் புழு உண்டு, புழுவைக் கோழி உண்டது. காலில் தொடங்கிக் கழுத்துக்கு ஏறுவதும் இறகு சுலபமாகக் கழல்வதும் அதன் அடையாளம். செத்த மீனைப் புதையுங்கள், அந்தப் பக்கம் கோழி போகாமல் மறியுங்கள். பச்சை மீன் கழிவை நாள்தோறும் போடுவதும் நல்லதல்ல. கெண்டை போன்ற சில மீன்களின் பச்சை உடலில் பி1 ஐ அழிக்கும் நொதியம் இருக்கிறது. அவித்துப் போட்டால் அது செயலிழந்துவிடும்.

முழங்காவிலிலிருந்து

எங்களிடம் இருப்பது முட்டைக் கோழி, கூட்டுக்குள்ளேயே வளர்ப்பு. முட்டை ஓடு முதலில் மெலிந்தது, பிறகு கோழி எழும்ப முடியாமல் குந்திவிட்டது. கல்சியமும் விற்றமின் டீயும் காணாது என்றார்கள். சிப்பி நொறுக்கிப் போட்டு, பகலில் வெளியே விட்டதோடு சரியாகிவிட்டது. பூநகரிக் கரையில் சிப்பிக்கா பஞ்சம்!

துணுக்காயிலிருந்து

எங்கள் வளவில் இன்று காலை இரண்டு கோழிக்குக் கால் இல்லை. ஒன்றுக்குக் கழுத்து திருகுகிறது. எச்சம் பச்சை. நேற்று ஒன்று செத்தது. பி கொம்பிளெக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன், எவ்வளவு கொடுப்பது?

மல்லாவியிலிருந்து

தம்பி, போத்தலை மூடி வையுங்கள். கழுத்துத் திருகலும் பச்சை எச்சமும் அடுத்தடுத்துச் சாவும் என்றால் ராணிக்கெற் என்ற தொற்று வைரஸ் நோயாக இருக்கலாம். இப்போதே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள். செத்ததைக் குளத்தில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். மிச்சக் கோழியை விற்கவும் வேண்டாம், உறவுக்காரருக்குக் கொடுக்கவும் வேண்டாம். அயல் வளவுக்காரருக்கு இன்றைக்கே சொல்லுங்கள், அவர்கள் கோழிக்குத் தடுப்புச் சொட்டு விட்டார்களா என்று வைத்தியர் கட்டாயம் கேட்பார்.