பொத்தானின் பின்பக்க எழுத்துக்கு ஒரு சொல்

ஈசூனிலிருந்து, செவ்வாய் இரவு

அன்புள்ள தமிழ்ச் சொல் குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வட்டாரச் சமூக மன்றத்தில் பழம்பொருள் காட்சி நடக்கவிருக்கிறது. உலோகம் தேடும் கருவியைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நடக்கும் பெரியவர் ஒருவர், தாம் சேர்த்த பொத்தான்களைக் கொடுத்திருக்கிறார். விளக்கப் பலகை நான்கு மொழிகளில். தமிழ் என் பொறுப்பு.

பட்டாளத்துப் பொத்தானின் முகத்தை மட்டும் பார்த்துக் காலம் சொல்ல முடிவதில்லை. பிரிட்டிஷ் படையில் 1767 முதல் படைப்பிரிவின் எண்ணைப் பொத்தானில் போட்டார்கள். எண் இருந்தால் யாருடையது என்று தேடலாம். 1871இல் சாதாரணச் சிப்பாய்களுக்கு அந்த எண்ணை நீக்கிவிட்டு, அரசச் சின்னம் போட்ட ஒரே பொத்தானைப் பொதுவாகக் கொடுத்துவிட்டார்கள். மகுடம் கொஞ்சம் உதவும். வளைவு குவிந்து உயர்ந்திருந்தால் பெரும்பாலும் 1901 முதல் 1952 வரையிலான மன்னர்கள் காலம். நடுவில் தாழ்ந்திருந்தால் எலிசபெத் அரசியின் காலம் என்று சொல்லலாம் என்றால், விக்டோரியா காலத்து மகுடமும் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கிறது. அப்போது பொத்தானைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். விளிம்பை ஒட்டி வட்டமாக, செய்த நிறுவனத்தின் பெயரும் ஊரும் இருக்கும். நிறுவனம் பெயர் மாற்றிய ஆண்டும் முகவரி மாறிய ஆண்டும் தெரிந்தால் பொத்தானின் வயது பிடிபட்டுவிடும்.

அந்தப் பின்பக்க எழுத்துக்குத் தமிழில் என்ன பெயர்? பலகையில் ஐந்து இடங்களில் வருகிறது. ‘பின்புறத்தில் பொறிக்கப்பட்டுள்ள தயாரிப்பாளர் அடையாளம்’ என்று ஐந்து முறை எழுத இடமில்லை.

தோ பாயோவிலிருந்து

புறப்பொறி. வேறு தேட வேண்டாம், அம்மா. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களின்மேல் ‘புலி பொறித்துப் புறம் போக்கி’ என்று பட்டினப்பாலை சொல்கிறதே. பொருளின்மேல் அடையாளம் இடுவதற்குப் பொறித்தல் என்ற வினை ஈராயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. புறம் என்றால் முதுகும்தான். புறங்காட்டி ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புறம், பொறி: மகர ஈறு கெட்டு வல்லினம் மிகுந்து புறப்பொறி. ஐந்தே எழுத்து, பலகையில் இடமும் மிச்சம்.

கூடவே ஒன்று. உலோகம் வடசொல். மாழை என்ற நம் சொல் இருக்கும்போது ‘மாழையறி கருவி’ என்று எழுதலாகாதா?

செங்காங்கிலிருந்து

ஐயா, நான் உயர்நிலை இரண்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இன்று வெண்பலகையில் ‘புறப்பொறி’ என்று எழுதி, என்னவாக இருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டேன். வெளியே வைக்கும் இயந்திரம் என்றான் ஒருவன். எலிப்பொறி போல ஏதோ ஒன்று என்றாள் இன்னொருத்தி. ஐம்பொறி படித்திருந்த மாணவி கண், காது என்று எழுதித் தந்தாள். முத்திரை என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்து ‘பின்முத்திரை’ என்று எழுதினேன். ‘பின்னால் குத்திய முத்திரை’ என்று வகுப்பே சொன்னது.

பலகை அந்தப் பிள்ளைகளுக்காகவும், அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துவரும் தாத்தா பாட்டிக்காகவும்தான் வைக்கப்படுகிறது. மாழை என்ற சொல்லைக் கண்டால் அவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து

இரண்டுக்கும் நடுவே ‘பின்பொறி’ என்று வைக்கலாமே.

மீண்டும் தோ பாயோவிலிருந்து

வைத்தால் ‘பிற்பொறி’ என்றுதான் வர வேண்டும். பிற்பகல், பிற்காலம், பிற்சேர்க்கை. முத்திரை என்ற வடசொல்லுக்கு நான் உடன்பட மாட்டேன்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து

நீங்கள் காட்டியவை காலமும் வரிசையும், ஐயா. இடத்தைச் சொல்லும்போது பின் அப்படியே நிற்கிறது: பின்பக்கம், பின்கதவு, பின்கட்டு. ‘பிற்பக்கம்’ என்று யாரும் எழுதுவதில்லை. பிற்போக்கு என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்கு என்னிடம் விடை இல்லை.

உட்லண்ட்ஸிலிருந்து

பின்பக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், பொத்தான் என்ற சொல்லைப் பார்த்தோமா? பொத்துதல் என்றால் மூடுதல். வாயைப் பொத்துகிறோம், காதைப் பொத்துகிறோம். சட்டையைப் பொத்துவது பொத்தான். போர்ச்சுகீசியர்களின் ‘பொத்தாவ்’ நம்மிடமிருந்து போயிருக்கக் கூடாதா?

மரீன் பரேடிலிருந்து

போயிருக்க முடியாது, அண்ணா. அந்தச் சொல்லுக்கு ஐரோப்பாவிலேயே குடும்பம் இருக்கிறது. மொட்டு, முளை என்ற பொருளோடு அவர்களிடம் வளர்ந்தது. கப்பலில் நம்மிடம் வந்தது. தேக்காவில் தையற்காரர் காஜா எடுக்கிறாரே, அதையும் பாருங்கள். போர்ச்சுகீசியத்தில் ‘காசா’ என்றால் வீடு. பொத்தான் நுழையும் துளைக்கும் அதே பெயர். பொத்தானும் அதன் வீடும் சேர்ந்தே கரையிறங்கியிருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அப்பாச்சி கடைசிவரை ‘தெறி’ என்றுதான் சொன்னார். சட்டைத் தெறி அறுந்துவிட்டது என்பார். தூய தமிழ் வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்குங்கள். தெறி இருக்கப் பொத்தானை வைத்துக்கொண்டு முத்திரையை மட்டும் விரட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிடோக்கிலிருந்து

அந்தப் பெரியவரோடு நானும் கடற்கரையில் நடந்திருக்கிறேன். அதனால் இரண்டு செய்திகள்.

பின்பக்கம் இருப்பது எப்போதும் நிறுவனத்தின் பெயரல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தட்டைப் பொத்தான்கள் பலவற்றில் பெயரே இராது. மும்மடங்கு பொன்முலாம், நல்ல நிறம் என்று தரத்தைப் பற்றிய சொற்கள் மட்டும் இருக்கும். முலாம் பூசாமலே பூசியதாகச் சொல்லி விற்பதைத் தடுக்க 1796இல் பிரிட்டனில் தனிச் சட்டமே போட்டார்கள். ஆகவே ‘தயாரிப்பாளர் முத்திரை’ என்று எழுதினால் பாதிப் பொத்தான்களுக்குப் பொய்யாகிவிடும். இருக்கும் இடத்தைக் கொண்டு பெயர் வையுங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கிடைத்த பொத்தானை ‘இங்கே ஒரு சிப்பாய் தொலைத்தது’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தக் கரையே 1966இல் தொடங்கிய நிலமீட்பில் உருவானது. பிடோக், தெம்பனிஸ் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கொண்டுவந்து கொட்டினார்கள். பொத்தான் அந்த மண்ணோடு வந்திருக்கலாம், அதற்குப் பிறகு அலையோடும் வந்திருக்கலாம். பின்பக்க எழுத்து பொத்தான் பிறந்த காலத்தைச் சொல்லும். தொலைந்த காலத்தையோ இடத்தையோ சொல்லாது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியரோடு சண்டை நடந்த ஆடம் பார்க்கில் கிடைத்தவற்றுக்கு மதிப்பு வந்ததே, ஆய்வாளர்கள் அவற்றைக் கிடைத்த இடத்தோடு சேர்த்துப் படித்ததால்தான்.

தைப்பதற்குப் பின்னால் இருக்கும் வளையத்துக்கு என்ன எழுதப் போகிறீர்கள்? நாங்கள் ‘காது’ என்கிறோம். ஊசிக்குக் காது இருக்கிறது அல்லவா?

ஈசூனிலிருந்து, வெள்ளி மதியம்

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது பேரில் ஆறு பேர் பின்முத்திரை, இருவர் பின்பொறி, ஒருவர் புறப்பொறி. பின்முத்திரை என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பொத்தானின் பின்பக்கத்தில் பொறித்த எழுத்து’ என்ற விளக்கம் சேர்த்திருக்கிறேன். பொறித்தல் என்ற வினை அங்கே இருக்கிறது, ஐயா. ஈஸ்ட் கோஸ்ட் வரியை மாற்றிவிட்டேன். ‘காது’ அப்படியே போகிறது. அந்த வளையத்துக்குக் காம்பு என்று எனக்குத் தனியாகச் சொன்னவர்கள் மன்னிக்க வேண்டும்.

தோ பாயோவிலிருந்து, வெள்ளி இரவு

பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது. என் மறுப்பைக் குழுவின் தொகுப்பில் வைத்துவிடுங்கள்.

கன்டோன்மென்ட் சாலை என்ற பெயரே சிப்பாய்கள் தங்கிய பாளையத்தால் வந்தது. மதராஸ் காலாட்படையினர் இந்தத் தீவில் காவல் இருந்தார்கள். அவர்களில் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள். காலையில் சட்டை மாட்டும்போது பொத்தானின் பின்னால் இருந்த எழுத்தை அவர்களும் பார்த்திருப்பார்கள். அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று நாம் தேடவே இல்லை.

இன்னொரு சொல்லையும் விட்டுவிட்டோம். புகாரில், அதாவது அதே காவிரிப்பூம்பட்டினத்தில், வந்து இறங்கிய பொதிகளைச் சிலப்பதிகாரம் ‘தம்பெயர் பொறித்த கண்ணெழுத்து’ இடப்பட்டவை என்கிறது. வணிகன் தன் சரக்கில் தன் பெயரை இடுகிறான்; நிறுவனத்தின் பெயர் உள்ள பொத்தானுக்கு இதைவிட நெருங்கிய சொல் இல்லை. அடுத்த காட்சிக்குப் பலகை எழுதும்போது கண்ணெழுத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.