துபாய்க்குக் கூடுதல் சீட் கொடுத்தால் அரசுக்கு என்ன நஷ்டம்?

களியக்காவிளைக்காரி:
என் வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக். எங்களுக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். ஓணம் நெருங்கினால் டிக்கெட் மூன்று மடங்கு ஏறுகிறது. எங்கள் வீட்டில் ஓணம் கிடையாது, விலை மட்டும் எங்களுக்கும் சேர்த்துத்தான். எமிரேட்ஸ் இன்னும் விமானம் விடத் தயார் என்கிறது. டெல்லி ஏன் சம்மதிக்கவில்லை?

மார்த்தாண்டம் டிராவல்ஸ்:
அக்கா, 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி, ஒரு நாடு சம்மதிக்காமல் அந்நிய விமானம் அங்கே வழக்கமான சேவை நடத்த முடியாது. அதனால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து, வாரத்துக்கு இத்தனை சீட், இன்னின்ன ஊர் என்று எழுதிக்கொள்கிறார்கள். துபாயோடு 2014-ல் கூட்டியபோது ஒவ்வொரு தரப்புக்கும் வாரம் ஏறத்தாழ 65,000 சீட் என்றானது. அதற்கப்புறம் பெரிதாக நகரவில்லை. ஷார்ஜாவுக்கும் அபுதாபிக்கும் தனிக் கணக்கு, அதனால் உங்கள் வீட்டுக்காரரை ஷார்ஜா டிக்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டெல்லியின் பயம் வேறு. துபாய் விமானத்தில் ஏறுகிற பலர் அங்கே இறங்காமல் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ மாறிப் போகிறார்கள். அவர்களை நம் விமானங்கள் நேரே கொண்டுபோக வேண்டும் என்கிறது அரசு. அது நியாயம்தான். ஆனால் துபாயிலேயே இறங்கி வேலைக்குப் போகிறவருக்காக அந்த மேசையில் பேச ஆளில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். கவுண்டரில் விலையைக் கேட்டதும் பாஸ்போர்ட்டை மறுபடி பையில் வைத்துக்கொண்டு எழுந்து போகிறவர்களை நான்தான் பார்க்கிறேன்.

பாறசாலை ரிட்டயர்டு:
தம்பி, மொத்தமாகத் திறந்துவிட்டால் நம் கம்பெனிகள் தூரப் பயணத்தில் தலையெடுக்கவே முடியாது. ஏர் இந்தியா 2023-ல் 470 விமானம் ஆர்டர் கொடுத்திருக்கிறது. வந்து சேரக் கொஞ்சம் பொறுக்க வேண்டாமா?

மார்த்தாண்டம் டிராவல்ஸ்:
பொறுக்கலாம் சார். ஆனால் கொச்சியிலிருந்து லண்டன் காட்விக்குக்கு இருந்த நேரடி விமானத்தை அதே ஏர் இந்தியா 2025 மார்ச்சில் நிறுத்தியது. கண்ணூர் ஏர்போர்ட் 2018 டிசம்பரில் திறந்தது, வெளிநாட்டு விமானங்களுக்கு அங்கே அனுமதி கொடுக்கவில்லை. அங்கிருந்து விமானம் விட்ட நம் கோ ஃபர்ஸ்ட் கம்பெனி 2023 மே மாதம் நின்றபோது அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் மொத்தமாகத் திறக்கச் சொல்லவில்லை. ஓணம், பள்ளி லீவு மாதங்களுக்கு மட்டும் சீட்டைக் கூட்டட்டும். அந்தச் சீட்டும் டெல்லி, மும்பைக்குப் போகாமல் திருவனந்தபுரம், கண்ணூர் மாதிரி ஊர்களுக்கு என்று எழுதட்டும். பதிலுக்கு நம் கம்பெனிகளுக்குத் துபாயில் நல்ல நேரத்தில் இறங்க இடம் கேட்கட்டும்.

பாறசாலை ரிட்டயர்டு:
லீவு மாதத்துக்கு மட்டும் என்றால் எனக்கும் சம்மதம்தான். ஆனால் டிக்கெட் விலைக்கும் ஒரு உச்சவரம்பு எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களும் அதே விலைக்குத்தான் விற்பார்கள்.