அறிவியல் புனைகதைத் தொடர்களில் எதைப் பிழை என்று கணக்கில் எழுதுவது?

சூளூர்ப்பேட்டை மாடிவீடு கேட்டது:

வணக்கம். என் நாத்தனார் மகனும் நானும் இந்தக் கோடை விடுமுறையில் விண்வெளித் தொடர்களைச் சேர்ந்து பார்த்து, கண்ணில் படும் பிழைகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். நோட்டு முடியப் போகிறது. ஆனால் எது பிழை, எது பிழையில்லை என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை.

அவன் முதல் பக்கத்தில் எழுதியது, விண்வெளியில் கப்பல் வெடிக்கும்போது சத்தம் கேட்கிறது என்பது. காற்றில்லாத இடத்தில் ஒலி ஏது என்பதோடு அவன் நிற்கவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒரே நொடியில் வந்து சேர்வதை இரண்டாவது பிழையாக எண்ணிவிட்டான். அதற்குக் காரணம் எங்கள் ஊர். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் எங்கள் மாடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். ராக்கெட் கிளம்பும்போது முதலில் தெரிவது வெளிச்சம். ஏரியைத் தாண்டிச் சத்தம் வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியபோது, பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு மாடியில் நின்று வாய்விட்டு எண்ணியவன் அவன்.

என் கட்சி வேறு. நாடக மேடையில் ஒருவர் ரகசியம் பேசுவது கடைசி வரிசைக்கும் கேட்பதைப் போல, விண்வெளிச் சத்தம் ஒரு வழக்கம், அதைப் பிழையில் சேர்க்கக் கூடாது என்கிறேன். ஆனால் முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் ஆரம்பப் பகுதி ஒன்றில் கல்லறைக் கல்லில் கப்பல் தலைவரின் பெயரை 'ஜேம்ஸ் ஆர். கர்க்' என்று பொறித்துவிட்டு, பிறகு தொடர் முழுக்க அவரை 'ஜேம்ஸ் டி. கர்க்' ஆக்கியது பிழைதானே? ஓர் எழுத்துக்கு இவ்வளவா என்று அவன் சிரிக்கிறான். பல ஆண்டுகளாக இப்படிக் குறித்து வருபவர்கள், ஒன்றைப் பிழை என்று எழுதுமுன் எதையெல்லாம் சரிபார்க்கிறீர்கள்?

பழவேற்காட்டுக் கணக்கன் எழுதியது:

சகோதரி, நான் ஏரியின் தென்கரையில் இருக்கிறேன்; எங்களுக்குச் சத்தம் வர உங்களைவிட இன்னும் அரை நிமிடம் கூடுதலாகும். ஆகவே பையன் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வழக்கம் இதுதான்: தொடர் தானே வாயால் சொன்ன ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அந்த எண் தொடரின் மற்றோர் இடத்தோடு பொருந்துகிறதா, இயற்கையோடு பொருந்துகிறதா என்று இரண்டு முறை பெருக்கிப் பார்ப்பேன். ஒளியைவிட வேகமாகக் கப்பல் போகிறது என்பதை நான் பிழையாக எழுதுவதில்லை. அது கதைக்குள் நுழைய நாம் கொடுக்கும் டிக்கெட். ஆனால் எவ்வளவு வேகம் என்று அவர்களே சொன்ன பிறகு கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது. 1995 இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்: வாயேஜரில், 70,000 ஒளியாண்டு தொலைவைக் கடந்து வீடு திரும்ப, முழு வேகத்தில் போனாலும் 75 ஆண்டு ஆகும் என்கிறார்கள். அதாவது ஒளியைப்போல ஏறத்தாழ 930 மடங்கு. ஆனால் முதல் தொடரின் 1969 ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில், அதே உலகின் ஒரு நூற்றாண்டு பழைய கப்பல் 990.7 ஒளியாண்டைக் கடக்க 11.337 மணி நேரம் போதும் என்று அந்தக் கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக் தசமப் புள்ளியோடு சொல்கிறார். அந்த வேகத்தில் போயிருந்தால் வாயேஜர் 33 நாளில் ஊர் வந்து சேர்ந்திருக்கும். தொடர் ஏழு ஆண்டு ஓடியிருக்க வேண்டியதே இல்லை. வேக அளவுகோலை இடையில் மாற்றினார்கள் என்பது உண்மை. ஆனால் அதனால் புதுக் கப்பல் பழையதைவிட மெதுவாகிவிடாது.

நன்றாக எடுக்கப்பட்ட தொடரில்தான் இந்த வேலை சுவையாக இருக்கும். தி எக்ஸ்பான்ஸ் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நடத்திய நரேன் சங்கர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயன்முறை இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கப்பல் பாதி வழியில் திரும்பி எஞ்சினை முன்பக்கம் நீட்டி வேகம் குறைப்பதையெல்லாம் ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்கள். ஆயினும் சீரிஸ் குறுங்கோளைச் சுழல வைத்து, உள்ளே வசிப்பவர்களுக்குப் பூமியில் உள்ளதில் சுமார் 0.3 பங்கு எடை உண்டாக்கியதாக வரும் இடத்தில் கதை தடுமாறுகிறது. சீரிஸின் விட்டம் சுமார் 940 கிலோமீட்டர். அதன் சொந்த ஈர்ப்பு பூமியினுடையதில் 0.03 பங்குதான். இப்போது ஒரு சுற்றுக்கு ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொள்ளும் அதை 40 நிமிடத்துக்கு ஒரு முறை சுழற்றினால்தான் அந்த எடை கிடைக்கும். அப்போது வெளியே தள்ளும் விசை உள்ளே இழுக்கும் விசையைப்போல் பத்து மடங்காகிவிடும். பனியும் பாறையும் கலந்த அந்த உருண்டை ஊராக இருக்காது, சிதறிப் போகும்.

இன்னொன்று. அதே சீரிஸில் பாட்டிலிலிருந்து கோப்பைக்கு ஊற்றும் மது, சுழற்சியின் காரணமாக வளைந்து விழுவதாகக் காட்டுவார்கள். பார்க்க மிக அழகான காட்சி, நானும் முதல் முறை கைதட்டினேன். பிறகு கணக்குப் போட்டால், 40 நிமிடச் சுழற்சியில் ஒரு முழ உயரத்திலிருந்து விழும் திரவம் ஒரு மில்லிமீட்டர்கூட விலகாது. அறிவியலைக் காட்டுவதற்காகவே வைத்த காட்சி அறிவியலில் தவறுகிறது. எழுதினால் இப்படிப்பட்டதை எழுத வேண்டும் என்பேன்.

நகரி கிளாப்கட்டை எழுதியது:

ஐயா கணக்கில் வல்லவர். நான் கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராகக் கன்டினியூட்டி பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன்; ஆகவே கல்லறைக் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

படப்பிடிப்பு கதையின் வரிசையில் நடப்பதில்லை. ஒரே அரங்கில் நடக்கும் காட்சிகள் கதையின் முன்னும் பின்னும் எங்கே இருந்தாலும், அவற்றை ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிட்டுத்தான் அரங்கைப் பிரிப்பார்கள். அதனால்தான் சட்டைப் பொத்தான், கடிகார முள், தேநீர்க் கோப்பையின் மட்டம் ஆகியவற்றைக் குறித்து வைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளுக்கும் மீறி ஒன்று உண்டு, அது ஒளிபரப்பு வரிசை. அம்மா சொன்ன பகுதி, தொடரை எடுக்கலாமா என்று தொலைக்காட்சி நிறுவனம் பார்ப்பதற்காக 1965 இல் எடுக்கப்பட்ட இரண்டாவது முன்னோட்டப் படம். ஆனால் 1966 செப்டம்பர் 8 அன்று வேறொரு பகுதியோடு தொடர் தொடங்கிவிட்டது. முன்னோட்டம் செப்டம்பர் 22 அன்று மூன்றாவதாகத்தான் வந்தது. ஒளிபரப்பு வரிசையில் பார்ப்பவருக்கு, முதல் வாரம் மெக்காய் மருத்துவராக இருந்துவிட்டு மூன்றாம் வாரம் முன்பின் தெரியாத ஒருவர் அந்த வேலையைப் பார்ப்பதும், சீருடை மாறியிருப்பதும் பெரும் பிழையாகத் தெரியும். எடுத்த வரிசையில் பார்த்தால் அவை பிழையே அல்ல. 2002 இல் வந்த ஃபயர்ஃபிளை தொடருக்கு இதைவிட மோசமாக நடந்தது; பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் முதல் பகுதியை டிசம்பரில் கடைசியாக ஒளிபரப்பினார்கள். ஆகையால் தேதியோடு எடுத்த வரிசையையும் நோட்டில் ஒரு பத்தியாகப் போட்டுக்கொள்ளுங்கள். 'ஆர்' மட்டும் எந்த வரிசையில் பார்த்தாலும் பிழைதான், அதில் அம்மாவுக்கே வெற்றி.

தெளிவான புதுப் பிரதிகளில் தெரிபவற்றையும் தனியாக வையுங்கள். 1987 இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தலைமுறைத் தொடரை ப்ளூரேவுக்காகப் படச்சுருளிலிருந்து மறுபடி எடுத்தபோது, பளபளக்கும் பலகைகளில் விளக்கு வெளிச்சம் பிரதிபலிக்காமலிருக்க ஒட்டிய கறுப்பு அட்டைகள் பளிச்சென்று தெரிந்துவிட்டன. அந்தக் காலத்து வீட்டு டிவியில் அவை தெரியாது என்று தெரிந்தே ஒட்டியவை. என் தொழில்காரர்களுக்காகக் கொஞ்சம் பரிந்து பேசுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தியவேடு தறி எழுதியது:

ஒரே ஒரு எச்சரிக்கை. எண் சம்பந்தமான பிழையைச் சப்டைட்டிலை வைத்து முடிவு செய்யாதீர்கள். பில்லியன் என்றால் 100 கோடி. தமிழ், தெலுங்கு இரண்டிலும் அதைப் பத்துக் கோடி ஆக்கியதையும் லட்சம் கோடி ஆக்கியதையும் பார்த்திருக்கிறேன். மூல ஒலியைக் கேட்டு எழுதுங்கள். வாயேஜரில் கையிருப்பு 38 டார்பிடோ, தீர்ந்தால் வேறு கிடையாது என்று முதல் ஆண்டிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஏழு ஆண்டும் தீபாவளி வெடிபோலக் கொளுத்தியதை எண்ணியவர்கள் அப்படிக் காதால் கேட்டு எண்ணியவர்களே.

சித்தூர்ப் பழைய ஆன்டெனா எழுதியது:

எல்லோரும் குற்றப்பத்திரிகை எழுதுவதால் எதிர்த்தரப்பில் நான் நிற்கிறேன். ஆன்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்பி, தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் பார்த்தவன் நான். அதில் வரும் வேற்றுக்கிரக இனமான கிளிங்கான்களின் நெற்றி நம்மைப்போல வழவழவென்று இருந்தது. 1979 ஆம் ஆண்டுத் திரைப்படத்திலிருந்து அது மேடுபள்ளமாகிவிட்டது. உண்மைக் காரணம் ஒப்பனைக்குக் கிடைத்த பணம். ஆனால் 1996 இல் அதைப் பற்றிக் கேட்கும்போது ஒரு கிளிங்கான் பாத்திரம் வெளியாரிடம் நாங்கள் அதைப் பேசுவதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 2005 இல் அதற்கென்றே இரண்டு பகுதி எடுத்து மரபணுக் காரணம் சொன்னார்கள். காலப் பயணத் தொடரான டாக்டர் ஹூவில் 1975 ஆம் ஆண்டுக் கதையில், நாயகன் டாக்டரோடு பயணிக்கும் சாரா ஜேன் தான் 1980 ஐச் சேர்ந்தவள் என்கிறாள். 1983 இல் வந்த கதையோ, அவள் காலத்து ராணுவ அதிகாரி 1977 இலேயே ஓய்வு பெற்றுப் பள்ளி ஆசிரியராகிவிட்டதாகக் காட்டுகிறது. தீர்க்க முடியாத இந்தக் குழப்பத்தை, எழுபதுகளா எண்பதுகளா என்று டாக்டரே சந்தேகப்படுவதாக 2008 இல் ஒரு வசனமாக்கிவிட்டார்கள். தைத்து மூடிய கிழிசலையும் கிழிசல் என்றே எழுதுவீர்களா?

சூளூர்ப்பேட்டை மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நோட்டில் எடுத்த வரிசைக்கு ஒரு பத்தி போட்டுவிட்டோம். அதனால் இதுவரை பதினொரு பிழை அடிபட்டுப் போயிற்று. சித்தூர் ஐயாவின் கேள்விக்கு எங்கள் தீர்ப்பு: கிழிசலையும் எழுதுவோம், தையலையும் பக்கத்தில் எழுதுவோம்.

பழவேற்காட்டு ஐயாவின் முறையைப் பையன் உடனே பிடித்துக்கொண்டான். ஸ்பேஸ்: 1999 தொடரில் 1999 செப்டம்பர் 13 அன்று அணுக்கழிவு வெடித்து நிலவு பூமியை விட்டு விலகி, பகுதிக்கொரு புது உலகத்தைப் பார்த்துக்கொண்டு போகிறது. நிஜமான வாயேஜர்-1 விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் போகிறது. நிலவு அந்த வேகத்தில் போனாலும் 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள அடுத்த நட்சத்திரத்தை எட்ட 75,000 ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டு, ஒரு பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டான். 'ஆர்' எழுத்தையும் பிழை என்று ஒப்புக்கொண்டான். விண்வெளிச் சத்தத்தை மட்டும் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறான்.